ரயில் ஓடாத சுரங்கம்

சாலைக்குக் கீழே

அமெரிக்காவில் சின்சினாட்டி என்று ஒரு நகரம் இருக்கிறது. ஒஹாயோ என்ற பெரிய ஆற்றின் கரையில் அது அமைந்திருக்கிறது. நகரின் நடுவே அகலமான சாலை ஒன்று போகிறது. அதன் பெயர் சென்ட்ரல் பார்க்வே. அந்தச் சாலையில் கார்களும் பேருந்துகளும் ஓயாமல் ஓடுகின்றன.

அந்தச் சாலைக்குக் கீழே ஒரு நீண்ட சுரங்கம் இருக்கிறது. அதன் நீளம் இரண்டு மைலுக்குச் சற்று அதிகம். அதாவது ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர். ஒரு ரயில் போகவும், ஒரு ரயில் வரவும் தனித்தனிப் பாதைகள் கட்டியிருக்கிறார்கள். நிலையங்கள் இருக்கின்றன. நடைமேடைகள் இருக்கின்றன. ஏறி இறங்கப் படிக்கட்டுகளும் இருக்கின்றன.

ஆனால் அங்கே ரயில் இல்லை. தண்டவாளமும் இல்லை. கட்டிய நாள் முதல் இன்று வரை ஒரு பயணிகூட அங்கே ரயில் ஏறியதில்லை.

அந்தச் சுரங்கம் வருவதற்கு முன்பு அதே இடத்தில் ஒரு கால்வாய் ஓடியது. கால்வாயில் படகுகள் போயின. கால்வாய் சுரங்கமானது எப்படி? சுரங்கம் பாதியில் நின்றது ஏன்? அதற்கான செலவை யார் கொடுத்தார்கள்? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

சேற்றுச் சாலையும் ஆற்று வழியும்

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பகுதியில் நல்ல சாலைகள் கிடையாது. ரயிலும் கிடையாது. உள்நாட்டு விவசாயிகள் கோதுமையும் சோளமும் விளைவித்தார்கள். பன்றி வளர்த்தார்கள். ஆனால் விளைந்ததை விற்க வழி இல்லை. மழை பெய்தால் சாலை சேறாகிவிடும். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் சேற்றில் புதைந்து நிற்கும்.

ஒஹாயோ ஆறு இருந்தது உண்மைதான். ஆனால் ஆறு தெற்கே ஓடியது. ஊர்கள் பல வடக்கே இருந்தன. வடக்கே ஈரி என்ற பெரிய ஏரியும் இருந்தது. அது கடல் போன்ற ஏரி. அந்த ஏரி வழியாகக் கிழக்கே உள்ள நகரங்களுக்குச் சரக்கு அனுப்பலாம்.

தெற்கே ஆறு. வடக்கே ஏரி. இரண்டையும் இணைக்க ஒரு கால்வாய் வெட்ட வேண்டும். மாநில அரசு அப்படி முடிவு செய்தது.

கையால் வெட்டிய கால்வாய்

1825-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. அந்தக் காலத்தில் மண் வெட்டும் இயந்திரங்கள் இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி, இவைதாம் கருவிகள். அயர்லாந்து, ஜெர்மனி நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் பலர் அந்த வேலையைச் செய்தார்கள். கூலி மிகக் குறைவு. ஒரு நாள் முழுவதும் உழைத்தால் அரை டாலர்கூடக் கிடைக்காது. சதுப்பு நிலங்களில் வேலை செய்தபோது காய்ச்சல் வந்தது. பலர் நோயில் விழுந்தார்கள்.

1829-ஆம் ஆண்டில் சின்சினாட்டியிலிருந்து டேட்டன் என்ற ஊர் வரை படகுகள் போயின. பிறகு கால்வாய் மேலும் மேலும் வடக்கே நீண்டது. 1845-ஆம் ஆண்டில் அது ஈரி ஏரிக்கரையில் உள்ள டொலீடோ வரை சென்று சேர்ந்தது. மயாமி-ஈரி கால்வாய் என்று அதற்குப் பெயர்.

அதன் மொத்த நீளம் 274 மைல். அதாவது சுமார் 440 கிலோமீட்டர். மேல்மட்டத்தில் அகலம் 40 அடி. தண்ணீரின் ஆழம் 4 அடி. ஒரு மனிதனின் மார்பளவுதான். வேலை முடிய 20 ஆண்டுகள் ஆயின.

படகு மேடு ஏறுமா?

ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவே நிலம் மேடாக இருந்தது. ஒஹாயோ ஆற்றைவிட அந்த மேடு 500 அடிக்கு மேல் உயரம். தண்ணீர் மேட்டில் ஏறாது. அப்படியானால் படகு எப்படி ஏறியது?

அதற்கு ஒரு வழி செய்தார்கள். கால்வாயின் குறுக்கே கல்லால் ஒரு நீண்ட தொட்டி கட்டினார்கள். தொட்டியின் இரண்டு முனைகளிலும் மரக் கதவுகள் வைத்தார்கள். இதற்கு லாக் என்று பெயர்.

கீழேயிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழையும். கீழ்க் கதவை மூடுவார்கள். பிறகு மேல்பக்கத்துத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடுவார்கள். தொட்டி நிறைய நிறைய, படகும் மேலே எழும்பும். தண்ணீர் மேல்மட்டத்துக்குச் சமமானதும் மேல் கதவைத் திறப்பார்கள். படகு வெளியே போகும். கீழே இறங்க வேண்டுமானால் இதையே திருப்பிச் செய்வார்கள்.

ஒரு லாக்கில் சில அடி உயரம்தான் ஏற முடியும். அதனால் பல லாக்குகள் தேவைப்பட்டன. இந்தக் கால்வாயில் மொத்தம் 103 லாக்குகள் இருந்தன. படிக்கட்டில் ஏறுவது போலப் படகு ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது.

படகுக்கு இயந்திரம் கிடையாது. துடுப்பும் கிடையாது. கால்வாய்க் கரையில் ஒரு பாதை இருந்தது. அதில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் நடந்தன. அவை கயிற்றால் படகை இழுத்தன. மணிக்கு நான்கு ஐந்து மைல் வேகம்தான். ஆனால் சேற்றில் வண்டி இழுப்பதைவிடத் தண்ணீரில் படகு இழுப்பது எளிது. ஒரே படகில் பல வண்டிச் சுமை போயிற்று. சரக்குக் கூலி குறைந்தது.

கால்வாயால் வளர்ந்த ஊர்

கால்வாய் வழியாக மாவும் இறைச்சியும் விறகும் கல்லும் வந்தன. ஊர் வளர்ந்தது. 1850-ஆம் ஆண்டில் சின்சினாட்டியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். பன்றி இறைச்சியைப் பதப்படுத்தி அனுப்பும் தொழில் அங்கே மிகப் பெரியது. அதனால் 'பன்றிப் பட்டணம்' என்றே அந்த ஊருக்குப் பட்டப் பெயர் வந்தது.

ஜெர்மனியிலிருந்து வந்த தொழிலாளர்கள் கால்வாய்க்கு வடக்கே குடியிருந்தார்கள். வேலைக்குப் போகக் கால்வாயைத் தாண்டுவார்கள். வீடு திரும்ப மறுபடி தாண்டுவார்கள். அவர்கள் பிறந்த நாட்டில் ரைன் என்ற பெரிய ஆறு உண்டு. அதனால் இந்தக் கால்வாயையும் மக்கள் 'ரைன்' என்றே சொன்னார்கள். கால்வாய்க்கு அப்பால் உள்ள பகுதி 'ரைனுக்கு அக்கரை' ஆனது. இன்று கால்வாய் இல்லை. ஆனால் அந்தப் பகுதிக்கு இன்றும் அதே பெயர்தான். ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் ஆற்றை மறக்கவில்லை.

குளிர்காலத்தில் கால்வாய்த் தண்ணீர் உறைந்துவிடும். பிள்ளைகள் பனிக்கட்டி மேல் சறுக்கி விளையாடுவார்கள். கோடையில் அதே தண்ணீரில் நீந்துவார்கள்.

தண்ணீர் அழுகியது

பிறகு ரயில் வந்தது. 1851-ஆம் ஆண்டில் சின்சினாட்டிக்கும் டேட்டனுக்கும் நடுவே ரயில் ஓடத் தொடங்கியது. கால்வாய் போன திசையிலேயே ரயிலும் போனது. படகு நாள் கணக்கில் போன தூரத்தை ரயில் மணிக் கணக்கில் கடந்தது. குளிர்காலத்தில் கால்வாய் உறைந்து நின்றது. ரயில் நிற்கவில்லை. வியாபாரிகள் ரயிலுக்கு மாறினார்கள்.

படகுகள் குறைந்தன. வருமானம் குறைந்தது. கால்வாயைப் பராமரிக்கப் பணம் இல்லை. நகரத்துக் குப்பையும் கழிவு நீரும் கால்வாயில் விழுந்தன. ஓடாத தண்ணீர் அழுகியது. கொசு பெருகியது. கரையில் குடியிருந்த மக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஊரை வளர்த்த கால்வாய் ஊருக்கே தொல்லையானது.

1913-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒஹாயோ மாநிலத்தில் பெரு வெள்ளம் வந்தது. கால்வாயின் கரைகள் பல இடங்களில் உடைந்தன. வெள்ளம் வடிவதற்காகச் சில லாக்குகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் பிறகு கால்வாயை யாரும் முழுமையாகச் சீர் செய்யவில்லை.

கால்வாய்க்குள் ரயில்

வெள்ளத்துக்கு முன்பே ஒரு எண்ணம் பிறந்திருந்தது. 1884-ஆம் ஆண்டில் சின்சினாட்டிப் பத்திரிகை ஒன்று ஒரு படம் வெளியிட்டது. அந்தப் படத்தில் கால்வாய் இருந்த இடத்தில் கீழே ரயில் ஓடியது. மேலே அழகான சாலை இருந்தது.

மண்ணுக்குக் கீழே ஓடும் ரயிலைச் சுரங்க ரயில் என்கிறோம். உலகின் முதல் சுரங்க ரயில் 1863-ஆம் ஆண்டில் லண்டனில் ஓடியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1897-ஆம் ஆண்டிலும், நியூயார்க் நகரில் 1904-ஆம் ஆண்டிலும் சுரங்க ரயில் வந்தது. இந்தியாவில் முதல் சுரங்க ரயில் 1984-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் ஓடியது.

சின்சினாட்டியில் தெருக்கள் நெரிசலாகிவிட்டன. டிராம் வண்டிகள், குதிரை வண்டிகள், நடப்பவர்கள், எல்லாரும் ஒரே தெருவில் போனார்கள். டிராம் மெதுவாக ஊர்ந்தது. வேலைக்குப் போகிறவர்கள் அவதிப்பட்டார்கள்.

சுரங்கம் கட்ட நீளமாகக் குழி தோண்ட வேண்டும். தோண்டுவதற்கு வீடுகளை இடிக்க வேண்டியிருக்கும். ஆனால் சின்சினாட்டியில் நகரின் நடுவிலேயே நீண்ட பள்ளம் தயாராக இருந்தது. அதுதான் கால்வாய். தண்ணீரை வடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது போல. நாற்றமும் ஒழியும். ரயிலும் வரும். நல்ல யோசனைதான்.

நகரைச் சுற்றி வட்டமாக 16 மைல் பாதை போடத் திட்டம் தீட்டினார்கள். அதில் ஒரு பகுதி சுரங்கம். மற்றப் பகுதி தரைக்கு மேலே.

மக்கள் வாக்களித்தார்கள்

இவ்வளவு பெரிய வேலைக்குப் பணம் எங்கிருந்து வரும்? நகர ஆட்சி கடன் பத்திரங்களை விற்க நினைத்தது.

கடன் பத்திரம் என்றால் என்ன? நகர ஆட்சி ஒரு பத்திரம் எழுதித் தரும். பணம் உள்ளவர்கள் பணம் கொடுத்து அதை வாங்குவார்கள். நகர ஆட்சி அவர்களுக்கு ஆண்டுதோறும் வட்டி கொடுக்கும். சொன்ன தவணையில் அசலைத் திருப்பிக் கொடுக்கும். நகர ஆட்சிக்குப் பணம் ஏது? மக்கள் கட்டும் வரிதான். ஆகவே, கடன் வாங்குவது நகர ஆட்சி. அடைப்பது மக்கள்.

அதனால் மக்களிடமே கேட்டார்கள். 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வாக்கெடுப்பு நடந்தது. 60 லட்சம் டாலர் கடன் வாங்கலாமா? பெரும்பாலோர் 'வாங்கலாம்' என்று வாக்களித்தார்கள்.

போர் வந்தது, விலை ஏறியது

வாக்களித்து ஓராண்டு ஆவதற்குள் நிலைமை மாறியது. 1917-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. பணம், இரும்பு, ஆட்கள், எல்லாம் போருக்குத் தேவைப்பட்டன. மற்ற வேலைகளுக்காகக் கடன் பத்திரம் விற்க மத்திய அரசு தடை விதித்தது. சுரங்க வேலை தள்ளிப் போனது.

1918-ஆம் ஆண்டு நவம்பரில் போர் முடிந்தது. ஆனால் பழைய விலைகள் திரும்ப வரவில்லை. சிமெண்ட் விலை ஏறியிருந்தது. இரும்பு விலை ஏறியிருந்தது. கூலியும் ஏறியிருந்தது. திட்டத்துக்குச் சுமார் இரண்டு மடங்கு பணம் தேவைப்பட்டது. கையில் இருந்ததோ பழைய 60 லட்சம் டாலர்தான்.

அப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, உண்மையான செலவை மக்களிடம் சொல்லி மறுபடி முடிவு கேட்பது. இரண்டு, இருக்கும் பணத்தில் வேலையைத் தொடங்கிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்வது. நகர ஆட்சி இரண்டாவது வழியில் போனது. திட்டத்தைச் சுருக்கி வேலையைத் தொடங்கியது.

சுரங்கம் கட்டினார்கள்

1920-ஆம் ஆண்டு ஜனவரியில் வேலை தொடங்கியது. கால்வாய்த் தண்ணீரை வடித்தார்கள். பள்ளத்தை மேலும் ஆழமாக்கினார்கள். அடியில் கான்கிரீட் தளம் போட்டார்கள். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். நடுவிலும் ஒரு சுவர் வைத்தார்கள். மேலே கூரை போட்டு மூடினார்கள். கூரைக்கு மேல் மண்ணைப் போட்டால் சாலைக்கு இடம் தயார்.

வேலை உறுதியாக நடந்தது. நூறாண்டுகள் ஆன பிறகும் அந்தச் சுவர்கள் நிற்கின்றன. அதைக் கட்டிய தொழிலாளர்களின் கைத்திறமைக்கு அதுவே சாட்சி.

ஆனால் தொல்லைகளும் இருந்தன. பாறையை உடைக்க வெடி வைத்தார்கள். அதனால் பக்கத்து வீடுகளில் விரிசல் விழுந்தது. வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள்.

வேலை நின்றது

சுமார் 7 மைல் பாதைக்கான வேலை ஆனது. சுரங்கம் இரண்டு மைலுக்குச் சற்று மேல். மற்றது தரைமேல் பாதை. 1927-ஆம் ஆண்டுக்குள் பணம் தீர்ந்துவிட்டது. தண்டவாளம் போடப் பணம் இல்லை. ரயில் பெட்டி வாங்கவும் பணம் இல்லை.

இதற்குள் நகர ஆட்சியும் மாறியிருந்தது. முன்பு பல ஆண்டுகள் நகர ஆட்சி ஒரு கட்சிக் கூட்டத்தின் பிடியில் இருந்தது. அந்தக் கூட்டத்தின் மேல் ஊழல் குற்றச்சாட்டுகள் இருந்தன. மக்கள் வெறுத்துப் போனார்கள். 1924-ஆம் ஆண்டில் வாக்களித்து நகர ஆட்சி முறையையே மாற்றினார்கள். 1926-ஆம் ஆண்டில் மர்ரே சீசன்குட் என்பவர் மேயரானார். அவர் சீர்திருத்தம் பேசியவர். சுரங்க ரயிலுக்கு மேலும் பணம் கொட்ட அவர் விரும்பவில்லை. பழைய ஆட்சியின் வேலை என்று சுரங்கம் பெயர் எடுத்திருந்தது. நகரத்துக்கு வேறு செலவுகளும் காத்திருந்தன.

இன்னொரு மாற்றமும் நடந்தது. மக்கள் கார் வாங்கத் தொடங்கினார்கள். கார் வைத்திருப்பவர்கள் ரயில் கேட்கவில்லை. சாலை கேட்டார்கள்.

சுரங்கத்தின் மேல் சாலை போட்டு முடித்தார்கள். 1928-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதி சென்ட்ரல் பார்க்வே சாலையைத் திறந்து வைத்தார்கள். விழா நடந்தது. சாலையில் கார்கள் ஓடின. கீழே இருட்டில் சுரங்கம் காலியாகக் கிடந்தது. மறு ஆண்டு, 1929-இல், அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. வேலை இழந்து லட்சக்கணக்கானவர்கள் தவித்தார்கள். சுரங்க ரயிலைப் பற்றிப் பேசக்கூட யாருக்கும் தெம்பில்லை.

வட்டி நிற்கவில்லை

வேலை நின்றது. ஆனால் வாங்கிய கடன்?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீடு கட்டக் கடன் வாங்குகிறார்கள். சுவர் எழும்புகிறது. கூரை போடுவதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது. வீட்டில் குடியிருக்க முடியாது. ஆனால் கடன் கொடுத்தவர் மாதம் பிறந்தால் வட்டிக்கு வந்து நிற்பார். 'கூரை இல்லையே' என்றால் கேட்பாரா? கேட்கமாட்டார்.

சின்சினாட்டி மக்களுக்கும் அதே கதைதான். ரயில் ஓடியிருந்தால் பயணச் சீட்டுப் பணம் வந்திருக்கும். அதில் கடனின் ஒரு பங்கையாவது அடைத்திருக்கலாம். ரயில் ஓடவில்லை. வரிப் பணத்திலிருந்துதான் வட்டியும் அசலும் போயின.

கடன் முழுவதும் அடைந்த ஆண்டு 1966. வாக்கெடுப்பு நடந்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. அசலும் வட்டியுமாகக் கொடுத்த பணம் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர். 60 லட்சம் டாலருக்கு வாக்களித்தார்கள். அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்தார்கள். 1916-இல் வாக்களித்தவர்களில் பலர் அதற்குள் இறந்துபோனார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அந்தக் கடனைக் கட்டினார்கள். அவர்களும் அந்த ரயிலில் ஏறவில்லை.

இதில் யார் குற்றவாளி? ஒருவரை மட்டும் சொல்ல முடியாது. போர் யார் கையிலும் இல்லை. விலை ஏற்றமும் அப்படித்தான். ஆனால் விலை ஏறியது தெரிந்த பிறகும் பழைய கணக்கோடு தொடங்கினார்கள். அது மனிதர் செய்த பிழை. பணம் பாதியில் தீர்ந்தால் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்யவில்லை. அதுவும் மனிதர் செய்த பிழை.

இன்று அந்தச் சுரங்கம்

காலிச் சுரங்கத்தை என்ன செய்வது? பலர் பல யோசனை சொன்னார்கள். மது பீப்பாய்களை வைக்கலாம் என்றார்கள். கடைத் தெரு ஆக்கலாம் என்றார்கள். எதுவும் நடக்கவில்லை.

ஆனால் சுரங்கம் முழுவதும் வீணாகவும் இல்லை. 1950-களில் அதற்குள் பெரிய தண்ணீர்க் குழாய் ஒன்றைப் போட்டார்கள். அதன் வழியாக நகரத்துக்குத் தண்ணீர் போகிறது. 1960-களின் தொடக்கத்தில் அணுகுண்டுப் பயம் இருந்தது. அப்போது ஒரு நிலையத்தைப் பாதுகாப்பு இடமாக மாற்றினார்கள். குண்டு விழுந்தால் மக்கள் தங்குவதற்குப் படுக்கைகள்கூட வைத்தார்கள். நல்லவேளை, அது தேவைப்படவில்லை. பின்னாளில் தொலைத் தொடர்புக் கம்பிகளும் சுரங்கத்துக்குள் போயின. தரைக்கு மேலே போட்ட பாதை பிற்காலத்தில் பெரிய நெடுஞ்சாலைகளுக்கு அடியில் மறைந்துவிட்டது.

2002-ஆம் ஆண்டில் நகரத்துக்குப் புதிய ரயில் திட்டம் ஒன்று வந்தது. அதற்கு வரி கூட்டலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். மக்கள் 'வேண்டாம்' என்று வாக்களித்தார்கள்.

2008-ஆம் ஆண்டில் ஒரு கணக்குப் போட்டார்கள். சுரங்கம் இடியாமல் காக்க 26 லட்சம் டாலர் வேண்டும். மண் கொட்டி மூடச் சுமார் 1 கோடியே 90 லட்சம் டாலர் வேண்டும். ரயில் ஓடும்படி சீர் செய்ய 10 கோடி டாலர் வேண்டும். காப்பதுதான் குறைந்த செலவு. மேலே சாலை இருக்கிறது. சாலையில் வண்டிகள் போகின்றன. கீழே சுவர் இடிந்தால் மேலே ஆபத்து. அதனால் சுரங்கத்தை அப்படியே விட்டுவிடவும் முடியாது. ரயில் ஓடாவிட்டாலும் பராமரிப்புச் செலவு உண்டு.

2016-ஆம் ஆண்டில் சின்சினாட்டியில் மறுபடி டிராம் வந்தது. பழைய டிராம் 1951-இல் நின்று போயிருந்தது. புதிய டிராம் தெருவில்தான் ஓடுகிறது. 'ரைனுக்கு அக்கரை'ப் பகுதிக்குப் போக அது சென்ட்ரல் பார்க்வே சாலையைக் குறுக்கே கடக்கிறது. அதாவது, பழைய கால்வாய் இருந்த இடத்தைக் கடக்கிறது. அதில் போகிறவர்களின் காலுக்குக் கீழே ரயில் ஓடாத அந்தச் சுரங்கம் இருக்கிறது.

நமக்கு என்ன?

கால்வாயும் பொதுப் பணத்தில்தான் வந்தது. சுரங்கமும் பொதுப் பணத்தில்தான் வந்தது. கால்வாய் வேலைக்கு 20 ஆண்டுகள் ஆயின. ஆனாலும் முடித்தார்கள். ஊர் பிழைத்தது. சுரங்கத்தை முடிக்கவில்லை. கடன் மட்டும் மிஞ்சியது.

பொது வேலைக்குச் சம்மதம் சொல்வதோடு மக்களின் கடமை முடிவதில்லை. எவ்வளவு செலவு? எப்போது முடியும்? பணம் போதாவிட்டால் என்ன செய்வார்கள்? வேலை நடக்கும்போதும் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் நாட்டில் கிராம சபைக் கூட்டத்தில் இப்படிக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டில் வந்தது. அதன்படி ஒரு பொது வேலையின் செலவுக் கணக்கை எழுதிக் கேட்கலாம். எழுதவும் படிக்கவும் தெரிந்தவருக்கு இது பெரிய பலம். கணக்கைப் படிப்பவர் இருந்தால், கணக்கு எழுதுபவரும் கவனமாக எழுதுவார்.

புதிய சொற்கள்

லாக் - கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி
கடன் பத்திரம் - கடன் வாங்கியதற்கு எழுதித் தரும் சீட்டு
அசல் - வாங்கிய கடன் தொகை
வட்டி - கடனுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம்
பராமரிப்பு - கெடாமல் காத்து வைத்தல்

விடை எழுதுங்கள்

1. மயாமி-ஈரி கால்வாய் எந்த ஆற்றையும் எந்த ஏரியையும் இணைத்தது?
2. படகு மேட்டில் ஏற என்ன வழி செய்தார்கள்?
3. கால்வாயில் படகுகள் குறைந்தது ஏன்?
4. போருக்குப் பிறகு 60 லட்சம் டாலர் போதவில்லை. ஏன்?
5. சுரங்கம் இன்று எதற்குப் பயன்படுகிறது?

கணக்குப் போடுங்கள்

1. கால்வாய் வேலை 1825-இல் தொடங்கி 1845-இல் முடிந்தது. எத்தனை ஆண்டுகள்?
2. கடன் 60 லட்சம் டாலர். அசலும் வட்டியுமாகக் கொடுத்தது சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர். வட்டி மட்டும் சுமார் எவ்வளவு?

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் பாதியில் நின்ற பொது வேலை ஏதாவது உண்டா? பாலமா, தண்ணீர்த் தொட்டியா, பள்ளிக் கட்டடமா? அது ஏன் நின்றது? யாரிடம் கேட்க வேண்டும்?
2. உங்கள் ஊர்க் கால்வாயோ குளமோ முன்பு எப்படி இருந்தது? இன்று எப்படி இருக்கிறது? ஊரில் உள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.